பேபிக்கு அரைத்த கடலை

எண்பத்தைந்தாம் வருஷத்து மழையில் தாம்பரமே தண்ணீரில் நின்றது. அந்த மழையில்தான் செல்வமேரியின் வீட்டுக்குப் பேபி வந்து சேர்ந்தாள்.

கிழக்குத் தாம்பரத்தில் கன்னியாஸ்திரீகள் நடத்திவந்த குழந்தைகள் இல்லம் ஒன்றில் செல்வமேரி துணி துவைக்கிற வேலை பார்த்தாள். யாருமற்ற குழந்தைகளை எடுத்து வளர்த்து, பிள்ளையில்லாதவர்களுக்குத் தத்துக் கொடுக்கிற இடம் அது. அந்த மழைக்குத் தண்ணீர் உள்ளே புகுந்து, தொட்டில்களை மேஜை மேல் ஏற்றி வைக்க வேண்டியதாயிற்று. ஒரு குழந்தைக்கு ஆரம்பித்த பேதி அடுத்ததற்கும் அதற்கடுத்ததற்கும் தொற்றிக்கொண்டு போனது. இல்லத்துக்குப் பொறுப்பான சிஸ்டர் ஜெயசீலி, முழங்கால் வரை நனைந்த அங்கியோடு வந்து, ஒரு துண்டில் சுற்றிய குழந்தையைச் செல்வமேரியின் கையில் வைத்தார்.

“மேரி, உங்க வீடு மேட்டுலதானே இருக்கு? இவளைக் கொஞ்ச நாள் வெச்சுப் பாத்துக்கோ. இங்க இருந்தா தாங்க மாட்டா.”

ஒரு வயதைத் தாண்டிய குழந்தை. ஆனால் தூக்கினால் ஆறு மாதப் பிள்ளையைத் தூக்கின மாதிரிதான் இருந்தது. பீர்க்கன்கரணை ஏரிக்குப் பக்கத்து வீட்டுக்குச் செல்வமேரி அவளை மார்போடு அணைத்து, தலைக்கு மேல் உரச்சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு நடந்தே கொண்டுபோனாள். அவள் புருஷன் ஏசுபாதம் குரோம்பேட்டையில் ஓர் இரும்புப் பட்டறையில் வெல்டர். வேலை முடிந்து வந்தவன், பாயில் கிடந்த குழந்தையைக் குனிந்து பார்த்தான்.

“இன்னா மேரி இது, பூனக்குட்டி மாரி கீது?”

“கொஞ்ச நாளு வெச்சுக்கச் சொன்னாங்கய்யா. மழ வுட்டதும் குடுத்துறணும்.”

மழை விட்டது. பொங்கல் வந்து போனது. சிஸ்டர் கேட்கவில்லை; இவளும் ஞாபகப்படுத்தவில்லை. இல்லத்தின் பதிவில் குழந்தைக்கு ஏதோ ஒரு புனிதையின் பெயர் இருந்தது. இந்த வீட்டில் அவள் பேபிதான். கல்யாணமாகி வெகு காலமாகியும் வயிறு திறக்காத செல்வமேரிக்கு, தன்னைப் பார்த்து ஒரு பிள்ளை தவழ்ந்து வருவதே போதுமானதாக இருந்தது. அதற்குமேல் அவள் யோசிக்கவில்லை. யோசிக்கப் பயந்தாள் என்றும் சொல்லலாம். மாதம் ஒருமுறை பேபியை இல்லத்துக்குத் தூக்கிப்போய் டாக்டரிடம் காட்டுவாள். டாக்டர் எடை பார்ப்பார், உதட்டைப் பிதுக்குவார்.

பேபிக்குச் சோறு இறங்காது. அதுதான் பெரிய பேஜார். பருப்புச் சோற்றைக் குழைத்து ஊட்டினால் கன்னத்தில் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கொஞ்ச நேரம் கழித்து அப்படியே துப்பிவிடுவாள். இட்லியைப் பிய்த்துக் காக்காய்க்குப் போடுவாள். பக்கத்து வீட்டுப் பச்சையம்மா, தாம்பரம் மார்க்கெட்டில் காய்கறிக் கடை வைத்திருந்தவள், “திஷ்டி கீது மேரி” என்று மிளகாயும் உப்பும் சுற்றிப் போட்டாள். வேளாங்கண்ணிக்கு நேர்ந்து மொட்டையும் அடித்தாயிற்று. குழந்தை நடந்தாள், பேசினாள், ஏசுபாதத்தின் தோளில் ஏறிக்கொண்டு ஏரியில் எருமை குளிப்பதை வேடிக்கை பார்த்தாள். சதை மட்டும் போடவில்லை.

எண்பத்தேழு ஜனவரியில் சிஸ்டர் சொல்லி அனுப்பினார். பேபியைக் குளிப்பாட்டி, நல்ல கவுன் போட்டு அழைத்து வரவேண்டும்.

இல்லத்தின் முன்னறையில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி உட்கார்ந்திருந்தார்கள். அந்தம்மாள் பெயர் கேரன். உயரமாக, வெயிலில் மூக்கு சிவந்து, பருத்திப் புடவையை எப்படியோ சுற்றிக் கட்டியிருந்தாள். பேபி செல்வமேரியின் புடவைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். பிஸ்கட்டைக் காட்டினார்கள், வாங்கவில்லை. பொம்மையைக் காட்டினார்கள், திரும்பவில்லை.

அப்போது கேரன் தன் பைக்குள்ளிருந்து ஒரு கண்ணாடிப் பாட்டிலை எடுத்தாள். மூடியைத் திறந்ததும் வறுத்த வேர்க்கடலை வாசனை அறைக்குள் பரவியது. உள்ளே பழுப்பு நிறத்தில் வெண்ணெய் மாதிரி ஏதோ இருந்தது. அதை விரல் நுனியில் தொட்டு, தன் நாக்கில் வைத்துக் காட்டிவிட்டு, மறுபடி தொட்டுப் பேபியின் பக்கம் நீட்டினாள். பேபி ஒற்றைக் கண்ணால் பார்த்தாள். கழுத்தை நீட்டி நக்கினாள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ள, சப்புக் கொட்டினாள். பிறகு வாயை ஆவென்று திறந்தாள்.

கேரன் அழுதுவிட்டாள். அவள் புருஷன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான்.

“பீநட் பட்டர், மேரி,” என்றார் சிஸ்டர். “நம்ம வேர்க்கடலைதான், அரைச்சது. அவங்க ஊர்ல பிள்ளைங்க பிரெட்டுல தடவிச் சாப்பிடுமாம். இந்த பாட்டிலை உனக்குத்தான் குடுத்துட்டுப் போறாங்க. தினமும் குடு.”

“இவங்க யாரு சிஸ்டர்?”

“இவங்கதான் பேபியை எடுத்துக்கப் போறாங்க. கோர்ட்ல மனு குடுத்தாச்சு. ஆனா இவ இருக்கிற வெயிட்டுக்கு டாக்டர் சர்டிபிகேட் தர மாட்டாங்க. நல்லாத் தேத்தி விடணும். அது உன் பொறுப்பு.”

செல்வமேரி தலையாட்டினாள். வேலை சொன்னால் தலையாட்டித்தான் அவளுக்குப் பழக்கம். பாட்டிலை முந்தானையில் முடிந்துகொண்டு பஸ் ஏறினாள். பேபி வழியெல்லாம் அந்த முடிச்சை முகர்ந்துகொண்டே வந்தாள்.

“கோர்ட்டு கேசுன்னா லேசுல முடியுமா?” என்றான் ஏசுபாதம். “எங்க மொதலாளி நெலத்து கேசு, நான் வேலைக்கி சேந்த நாளா நடக்குது.”

அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டு இருவரும் தூங்கினார்கள்.

பாட்டில் மாசி மாதம் பிறக்கும் முன்பே காலி. பேபி அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு அழுதாள். செல்வமேரி பச்சையம்மாவிடம் சொல்லி மார்க்கெட்டிலிருந்து ஓடு உரித்த வேர்க்கடலை வாங்கிவரச் செய்தாள். இரும்புச் சட்டியில், அடுப்பைத் தணித்து, கருகாமல் வறுத்தாள். ஆறியதும் உள்ளங்கையால் தேய்த்து, முறத்தில் போட்டுத் தோலைப் புடைத்தாள். அம்மியில் வைத்து அரைக்கத் தொடங்கினாள்.

முதலில் அது மாவுதான் ஆயிற்று. அம்மியோடு அம்மியாக ஒட்டிக்கொண்டது. பழக்கத்தில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துவிட்டாள்; வெள்ளைச் சட்னியாகிப் போனது. பேபி நாக்கில் வைத்துவிட்டுத் துப்பினாள். மறுநாள் தண்ணீர் தொடவில்லை. வழித்து வழித்து அரைத்தாள். தோள்பட்டை விண்விண் என்று தெறித்தது. இனி ஆகாது என்று விடப்போகிற நேரத்தில் மாவு மினுமினுக்க ஆரம்பித்தது. கடலை தன் எண்ணெயைத் தானே விட்டது. குழவிக்கு முன்னால் பளபளவென்று விழுது ஓடி வந்தது. ஒரு கல் உப்பு, சுண்டு விரலளவு வெல்லம் வைத்து இன்னொரு தரம் இழுத்தாள்.

பேபி வந்து அம்மிக்கு எதிரில் குந்திக்கொண்டாள். “பட்டரு” என்றாள்.

அதன்பிறகு அந்த வீட்டில் எல்லாவற்றிலும் கடலை விழுதுதான். விடிந்ததும் கேழ்வரகுக் கஞ்சியில் ஒரு கரண்டி. பெருங்களத்தூர் பேக்கரி ரொட்டியில், சிஸ்டர் சொன்ன மாதிரி, மேலே தடவி. சுடுசோற்றில் உப்பும் விழுதும் போட்டுப் பிசைந்தால் நெய்ச்சோறு மாதிரி உருண்டை பிடிக்க வந்தது. பேபி அதைக் கன்னத்தில் அடக்காமல் விழுங்கினாள். முருங்கைக் கீரையைக் கடைந்து அதில் கலந்தாள். தேங்காய் இல்லாத நாளில் கத்திரிக்காய்க் குழம்பில் கரைத்து விட்டாள். குழம்பு திக்காகி, எண்ணெய் மிதந்து, மணம் தெருவுக்குப் போனது. பச்சையம்மா கிண்ணத்தோடு வந்து நின்றாள்.

“இன்னாடி இது, கல்யாண வூட்டு கொயம்பு மாரி கீது?”

“கடலதாங்க்கா. அரச்சு வுட்டேன்.”

“எனுக்கும் ஒரு கையி அரச்சுக் குடு. எம் மருமவ சட்னிகூட அரைக்க மாட்டன்றா.”

ஏசுபாதம் பட்டறைக்குக் கொண்டுபோகிற தூக்கில் விழுது தடவிய சப்பாத்தி போனது. இரும்புப் புகை குடித்து நாக்கு செத்துப்போனவன், மத்தியானம் அதைத் தின்றுவிட்டு, “புள்ள சாப்பாடு நல்லாத்தான் கீது” என்று சாயங்காலம் வந்து சொல்லிச் சிரித்தான். விழுதையும் வாழைப்பழத்தையும் பிசைந்து பேபியே அவனுக்கு ஊட்டுவாள். அவன் வாயை மூடிக்கொண்டு தலையை ஆட்டுவான். தனக்குச் செல்வமேரி சொல்கிற மாதிரியே, “ஒரு வாய், ஒரே வாய்” என்பாள் பேபி. மூன்று பேரும் சிரித்த அந்தக் கோடைதான் அந்த வீட்டின் நல்ல காலம்.

நடுவில் அம்மை வார்த்தது. ரயில்வே லைன் வரை தெருவில் ஒரு பிள்ளை பாக்கியில்லை. செல்வமேரி வேப்பிலைப் படுக்கையில் பேபியைப் போட்டு, ராவும் பகலும் பக்கத்திலேயே கிடந்தாள். குழந்தை எழுந்து உட்கார்ந்ததும் கேட்டது பட்டருதான்.

ஆடி மாதம் எடை பார்க்கப் போனபோது டாக்டர் தராசு முள்ளைப் பார்த்துவிட்டு, மறுபடி முள்ளைச் சரிசெய்து பார்த்தார். பிறகு பேபியின் கன்னத்தைக் கிள்ளினார். சிஸ்டர் ஜெயசீலிக்கு முகமெல்லாம் சிரிப்பு.

“என்ன போட்டு வளர்த்தே மேரி? வெரி குட். கோர்ட் ஆர்டரும் வந்துடுச்சு. இதே மாதிரி இன்னும் கொஞ்சம் ஏறட்டும். அடுத்த தடவை சர்டிபிகேட் வாங்கிடலாம். கிறிஸ்துமஸுக்கு இவ அங்க இருப்பா.”

செல்வமேரி பஸ்ஸுக்கு நிற்கவில்லை. ஜி.எஸ்.டி. ரோட்டு ஓரமாகவே, லாரிப் புழுதியில், பேபியை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள். குழந்தை இப்போது கனத்தது. இடுப்பு மாற்றி வைத்தாலும் கனத்தது. இத்தனை நாள் அந்தக் கனத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துச் சந்தோஷப்பட்டவள், அது என்னவென்று அப்போதுதான் புரிந்துகொண்டாள். அம்மியில் அவள் இழுத்த ஒவ்வொரு இழுப்பும் இந்தப் பிள்ளையை வாசலுக்குத் தள்ளியிருக்கிறது. யாரும் வந்து பிடுங்கவில்லை. தன் கையாலேயே ஊட்டி ஊட்டி அனுப்பிக்கொண்டிருக்கிறாள்.

மறுநாள் அவள் கடலை வறுக்கவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை.

“பட்டரு?” என்று பேபி அம்மிக்கு முன்னால் குந்தினாள்.

“பூடுச்சு கண்ணு. கடல இல்ல.”

“பச்சக்கா கட?”

“அங்கியும் இல்ல.”

ஏசுபாதத்திடம், புதுக் கடலை கசக்கிறது, நல்லது வரட்டும் என்றாள். அவன் ஒன்றும் கேட்கவில்லை. வெறும் கஞ்சியைக் காய்ச்சி வைத்தாள். பேபி ஒரு வாய் குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டாள். சோற்றை மறுபடியும் கன்னத்தில் அடக்க ஆரம்பித்தாள். செல்வமேரி பார்க்காத மாதிரி பாத்திரம் தேய்த்தாள். ராத்திரி குழந்தை தூங்கினதும் அவளுடைய கையைத் தடவிப் பார்ப்பாள். மணிக்கட்டில் எலும்பு தென்பட்டதா? தென்பட்டால் அவளுக்கு ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியை உணர்ந்த மறுகணம் அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. எழுந்துபோய்ப் புறக்கடையில் உட்கார்ந்து, பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் இதை எப்படிச் சொல்வது, என்னவென்று பேர் வைத்துச் சொல்வது என்று தெரியாமல் அழுதாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவள் வீடு திரும்பினபோது அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. ஏசுபாதம் சட்டியில் கடலை வறுத்துக்கொண்டிருந்தான். பாதி கருகியிருந்தது. பேபி அவன் முதுகில் சாய்ந்து நின்றாள்.

“இன்னாய்யா பண்ற?”

அவன் திரும்பவில்லை. “பச்சையம்மா கடயில மூட்ட மூட்டயா கீது மேரி. கசக்கவும் இல்ல. தின்னு பாத்தேன்.”

செல்வமேரி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

“ரெண்டு வாரமா பாத்துக்கினுதான் கீறேன்,” என்றான் அவன். வறுக்கிற கை நிற்கவில்லை. “நீ இன்னா நெனச்சியோ அதேதான் நானும் நெனச்சேன். அதான் வாய தொறக்கல. நேத்து இவள தோள்ல தூக்கினேன். காத்து மாரி கீறா. நம்ம கூட இருக்கணும்னு புள்ளய எளைக்க வுடலாமா? அப்பால எப்டி அவ மொகத்தப் பாக்கறது?”

“அப்ப குடுத்துறலாம்ன்றியா?”

“குடுக்கக் கூடாதுன்னா போய்க் கேப்போம். சிஸ்டராண்ட நேரா போய்க் கேப்போம். புள்ளய பட்டினி போட வாணாம்.”

அவள் அவனைத் தள்ளிவிட்டு, சட்டியை இறக்கி, கருகினதைப் பொறுக்கி எறிந்தாள். மீதியை அம்மியில் போட்டாள். கண்ணீர் மூக்கு வழியாக ஒழுக, தோளால் துடைத்துக்கொண்டே அரைத்தாள். பேபி எதிரில் குந்திக்கொண்டு விழுது ஓடி வருவதைப் பார்த்துக் கைதட்டினாள்.

திங்கட்கிழமை ஏசுபாதம் பட்டறைக்கு லீவு சொல்லிவிட்டு, கல்யாணத்துக்கு எடுத்த வேட்டியைக் கட்டிக்கொண்டு வந்தான். இருவரும் சிஸ்டரின் அறையில் நின்றார்கள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. ஏசுபாதம் தொண்டையைக் கனைத்தான்.

“சிஸ்டர், பேபிய நாங்களே வெச்சுக்கறோம். எங்களுக்கும் புள்ள இல்ல. உங்களுக்குத் தெரியாததா?”

சிஸ்டர் ஜெயசீலி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். வெகு நேரம் அதைத் துடைத்தார்.

“இதை ஏன் போன வருஷம் என்கிட்ட கேக்கல, ஏசுபாதம்?”

“இன்னா சிஸ்டர்?”

“நம்ம ஊர்க்காரங்க கேட்டா அவங்களுக்குத்தான் முதல்ல குடுப்போம். நம்ம கிறிஸ்தவங்களுக்குத் தத்துன்னு சட்டத்துல இல்ல. ஆனா கோர்ட்ல கார்டியன்னு எழுதி வாங்கிக்கலாம். நானே கூட வந்திருப்பேன். மேரி, தினம் என் கண் முன்னாலதானே துணி துவைக்கிறே? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.”

“கேக்கலாம்னு தெரியாது சிஸ்டர்,” என்றாள் செல்வமேரி. “தத்து எடுக்க வர்றவங்கல்லாம் கார்ல வருவாங்க. நாங்க எப்டி… எங்களாட்டம் இருக்கறவங்க கேக்கலாம்னே தெரியாது சிஸ்டர்.”

“நானும் உங்களைக் கேக்கல,” என்றார் சிஸ்டர். “உனக்குச் சம்பளம் குடுக்கிறேன், அதனால நீ பாத்துக்கிறேன்னே இருந்துட்டேன். அது என் தப்பு. இப்போ கோர்ட் உத்தரவு அந்தம்மா பேர்ல ஆயிடுச்சு. அவங்களும் ஒரு பிள்ளைக்காக எத்தனையோ வருஷம் காத்திருந்தவங்க. நான் என்னம்மா செய்வேன்?”

யாரும் குரல் உயர்த்தவில்லை. ஏசுபாதம் வேட்டி நுனியைச் சரிசெய்துகொண்டான். “அப்ப வர்றோம் சிஸ்டர்” என்று கும்பிட்டான். வெளியே வந்ததும் கொடியில் உலர்ந்த குழந்தைத் துணிகளுக்கு நடுவே நின்று, பெரிய ஆண்பிள்ளை, குலுங்கிக் குலுங்கி அழுதான். செல்வமேரி அவன் முதுகைத் தட்டிக் கொடுத்தாள். அவளுக்கு அப்போது அழுகை வரவில்லை.

அதன்பிறகு அவள் கை நிற்கவே இல்லை. வறுத்தாள், புடைத்தாள், அரைத்தாள். போகிற இடத்தில் சோறு இருக்காது, குழம்பு இருக்காது. ரொட்டியும் இந்த விழுதும்தான் இருக்கும். அதை மட்டுமாவது தெரிந்த ருசியாக ஆக்கி அனுப்ப வேண்டும். காரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தாள். சோற்றைக் குறைத்து ரொட்டியைக் கூட்டினாள். பேபிக்குத் தானே தடவிச் சாப்பிடக் கற்றுக் கொடுத்தாள். ஸ்பூன் முதுகால் ஓரம் வரை தடவி, மடித்து, கடித்து, “நானே” என்பாள் பேபி. “ஆமா, நீயேதான்,” என்பாள் செல்வமேரி. “இனிமே நீயேதான் சாப்டணும் கண்ணு.”

ஐப்பசியில் டாக்டர் கையெழுத்துப் போட்டார். கார்த்திகையில் கேரன் வந்தாள்.

மீனம்பாக்கத்தில் உள்ளே விடமாட்டார்கள் என்று கம்பித் தடுப்புக்கு இந்தப் பக்கமே நின்றார்கள். பேபி புது ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். செல்வமேரி கொடுத்த எவர்சில்வர் டப்பாவைக் கேரன் பையில் வைத்துக்கொண்டு, செல்வமேரியின் இரண்டு கைகளையும் பிடித்து ஏதோ சொன்னாள். நன்றி என்று இருக்கும். “அழுதா தண்ணி குடுங்க, நின்னுரும்” என்றாள் செல்வமேரி. சிஸ்டர் அதை மொழிபெயர்த்தார்.

ஏசுபாதம் பேபியைக் கடைசியாக ஒரு தரம் தோளில் ஏற்றி இறக்கினான். ஏரோப்ளேனில் ஒரு ரவுண்டு போய்விட்டு வருவதாகத்தான் அவளிடம் சொல்லியிருந்தார்கள். அவள் அழவில்லை. கேரனின் விரலைப் பிடித்துக்கொண்டு, ஷூ டக்டக்கென்று சத்தம் போடுவதைக் கேட்டுக்கொண்டே நடந்தாள். கண்ணாடிக் கதவருகே போய்த் திரும்பி, “டாட்டா” என்று கையாட்டினாள். அவர்களும் ஆட்டினார்கள். கதவு மூடின பிறகும் ஏசுபாதத்தின் கை கொஞ்ச நேரம் ஆடிக்கொண்டிருந்தது.

வேறொரு குழந்தையைத் தருகிறேன் என்று சிஸ்டர் ஒன்றிரண்டு தரம் சொன்னார். “வாணாம் சிஸ்டர், திரும்பவும் தாங்காது” என்று சொல்லிவிட்டாள் செல்வமேரி. துணி மட்டும் துவைத்தாள். முதல் சில வருஷங்கள் கிறிஸ்துமஸுக்குப் போட்டோ வந்தது. பனியில் தொப்பி போட்டு நிற்கிற பேபி. பல் விழுந்த பேபி. அங்கே அவளுக்கு எமிலி என்று பேர். சிஸ்டர் மதுரைக்கு மாற்றலாகிப் போனதும் போட்டோ நின்றது. ஏசுபாதத்தின் பட்டறை திருமுடிவாக்கம் தொழிற்பேட்டைக்குப் போனது. அவன் சைக்கிளில் அவ்வளவு தூரம் போய்வந்து, நெஞ்சில் சளி கட்டி, சானடோரியம் ஆஸ்பத்திரியில் சில காலம் கிடந்து எழுந்தான். எலும்பும் தோலுமாக ஆகிவிட்டவனுக்கு என்ன போட்டால் உடம்பு தேறும் என்று செல்வமேரிக்குத் தெரியும். ஆனால் கஞ்சியில் விழுதைப் பார்த்ததும் அவன் கிண்ணத்தை நகர்த்தி வைத்தான். “வேற ஏதாச்சும் குடு மேரி” என்றான். அவள் வற்புறுத்தவில்லை.

தொண்ணூற்று நான்கில், ஒரு மாலை, இல்லத்திலிருந்து ஆள் வந்தது. சிஸ்டர் ஜெயசீலி திரும்பவும் தாம்பரத்துக்கே வந்திருக்கிறார். அமெரிக்காவிலிருந்து கேரன் போனில் பேசினாளாம். மறுநாள் காலை திரும்பக் கூப்பிடுவாளாம், மேரி பக்கத்தில் இருக்க வேண்டுமாம்.

ஏசுபாதம் விடிவதற்கு முன் எழுந்து ஷேவ் செய்துகொண்டான். பச்சையம்மாவின் வீட்டில் இஸ்திரிப் பெட்டி வாங்கிவந்து சட்டையைத் தேய்த்தான். இல்லம் வரைக்கும் இருமிக்கொண்டே வந்தவன், ஆபீஸ் வாசலில் தயங்கி நின்றுவிட்டான்.

“நீ போய்ப் பேசு மேரி. எனுக்கு இருமல் வந்தா லைன்ல பேஜாராப் பூடும். எப்டி கீறான்னு கேளு. என்னயும் சொல்லு.”

மணி அடித்தது. சிஸ்டர் இங்கிலீஷில் பேசினார். பிறகு போனை மார்பில் அழுத்திக்கொண்டு கேட்டார். “மேரி, அங்க ஸ்கூல்ல கேக்கறாங்களாம். பேபிக்குச் சின்ன வயசுல அம்மை வந்துச்சா?”

“வந்துச்சு சிஸ்டர். இங்க இருந்த கடேசி கோடைல. சின்னம்மைதான். நெத்தி ஓரமா ஒரு தழும்பு இருக்கும், பாக்கச் சொல்லுங்க.”

சிஸ்டர் சொன்னார். கேட்க வேண்டியது அவ்வளவுதான் போலிருந்தது. சிஸ்டரே மேலும் ஏதோ கேட்டு, சிறிது காத்திருந்து, “பேபி லைன்ல வர்றா, பேசு” என்று போனைச் செல்வமேரியின் காதில் வைத்தார்.

கடல் மாதிரி ஓர் இரைச்சல். அதற்குள்ளிருந்து ஒரு பெண்ணின் குரல், “ஹலோ?” என்றது. பெரிய பெண்ணின் குரல்.

“பேபி… கண்ணு… சாப்ட்டியாம்மா?”

அவளுடைய கேள்வியே இரைச்சலில் திரும்பி வந்து அவள் காதில் விழுந்தது. பிறகு அந்தக் குரல் மெதுவாக, மரியாதையாக, இங்கிலீஷில் நாலைந்து வார்த்தை சொன்னது. செல்வமேரி போனை சிஸ்டரிடம் நீட்டினாள். சிஸ்டர் கேட்டார். அவர் முகம் மாறியது.

“என்ன சொல்லுது சிஸ்டர்?”

“மேரி…”

“சொல்லுங்க.”

“மன்னிச்சுக்கோங்க, எனக்கு உங்களை ஞாபகம் இல்லைன்னு சொல்றா.”

செல்வமேரி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். “பரவால்லன்னு சொல்லுங்க,” என்றாள். “சின்னப் புள்ளதானே அப்ப. எப்டி ஞாபகம் இருக்கும்? நல்லாப் படிக்கச் சொல்லுங்க. நாங்க நல்லா கீறோம்னு சொல்லுங்க.”

சிஸ்டர் அதையெல்லாம் சொன்னார். போனை வைத்த பிறகு அவள் கையைப் பிடிக்க வந்தார். செல்வமேரி கையைக் கொடுத்தாள், கொஞ்ச நேரம் நின்றாள், பிறகு தானே எடுத்துக்கொண்டாள்.

வாசலில் ஏசுபாதம் சுவரில் சாய்ந்து நின்றிருந்தான். அவளைப் பார்த்ததும் நிமிர்ந்தான். சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டான்.

“பேசினியா? புள்ள பேசிச்சா?”

“பேசிச்சுய்யா.”

“இன்னா சொன்னா?”

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். ஷேவ் செய்ததில் தாடையோரம் சின்னதாக ஒரு கீறல் இருந்தது.

“உன்னத்தான் கேட்டா,” என்றாள் செல்வமேரி. “தோள்ல தூக்கிப் போவியாம் ஏரிக்கு. எரும பாக்கறதுக்கு. அதெல்லாம் சொன்னா.”

“தமிழ்லயா?”

“சிஸ்டராண்ட இங்கிலீஷ்ல சொன்னா. சிஸ்டர் எங்கிட்ட சொன்னாங்க.”

அவன் உதட்டைக் கடித்துக்கொண்டு தலையை ஆட்டினான். பஸ் ஸ்டாப்புக்குப் போகிற வழியெல்லாம் அவன் நடை வேகமாக இருந்தது, அவள்தான் பின்தங்கினாள். பெருங்களத்தூரில் இறங்கியதும் டீக்கடை வில்பிரட்டிடம் போய் நின்றான். ரெண்டு டீ சொல்லிவிட்டு, “எம் பொண்ணு அமெரிக்காலேர்ந்து போன்ல பேசிச்சுப்பா, எரும பாத்ததக்கூட மறக்கல” என்று சத்தமாகச் சொல்லத் தொடங்கினான். செல்வமேரி ரோட்டோரமாக, அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, போகிற லாரிகளைப் பார்த்தபடி நின்றாள்.